கரிசலில் ஒரு கல்லூரிப் பாடம்

மனிதர்களுக்கு இனிஷியல் இருப்பதுபோலச் சில ஊர்களுக்கும் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் பஸ் ஏறி, "புதுப்பட்டிக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் புதுப்பட்டி? இனிஷியலைச் சொல்லுங்க சார்!" என்பார் கண்டக்டர். வத்திராயிருப்புப் பக்கம் ஒரு வ. புதுப்பட்டி இருக்கிறது. சிவகாசிப் பக்கம் ஓர் எம். புதுப்பட்டி இருக்கிறது. நான் போக வேண்டியிருந்தது எம். புதுப்பட்டிக்கு.

அதற்குக் காரணம் ஒரு கடிதம். சென்ற புரட்டாசி பிறந்த சமயத்தில் நம் காரியாலயத்துக்கு வந்தது.

"ஐயா, நான் மதுரை வேளாண்மைக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மேல் பட்டாசு வேலைக்குப் போகிறார்கள். 'இந்த மண்ணை உழுவதற்குக் காலேஜ் படிப்பு வேறயா?' என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பதினோரு வருஷமாகத் தரிசாகக் கிடந்த எங்கள் நிலத்தில் அரை ஏக்கரை இந்த வருஷம் விதைக்கப் போகிறோம். ஊட்டி, கொடைக்கானல் என்றெல்லாம் எழுதுகிறீர்களே, எங்கள் ஊருக்கும் ஒரு தடவை வந்து பாருங்களேன்!"

ஆசிரியர் அந்தக் கடிதத்தை என் மேஜைமீது வைத்தார். "ஊட்டிக்குப் போக லீவு கேட்டிருந்தீர்களே, அதற்குப் பதில் இங்கே போய் வாருங்கள்" என்றார். பத்திரிகை ஆசிரியர்களின் ஹாஸ்யம் எப்போதும் இப்படித்தான் இருக்கும்!

ஒரு சனிக்கிழமை பிற்பகல் சிவகாசியில் பஸ் ஏறினேன். ஊரைத் தாண்டியதும் இரு பக்கமும் கரிசல் பூமி. புரட்டாசி வெயில் அப்படி ஒன்றும் சாதுவானதல்ல. நிலமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இடையிடையே சீமைக் கருவேல மரங்கள். அவற்றுக்கு நடுவே ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், அவற்றின் பக்கத்தில் இடிதாங்கிக் கம்பங்கள், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகைகள். அவைதாம் பட்டாசு ஆலைகள். ஆனால் "ஆலை" என்று இங்கே யாரும் சொல்வதில்லை, "ஆபீஸ்" என்கிறார்கள். "அம்மா ஆபீசுக்குப் போயிருக்காங்க" என்று ஒரு சிறுவன் சொன்னால், அந்த அம்மாள் ஃபைல் கட்டுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். திரி கட்டுகிறாள்.

கல்கத்தாவுக்குப் போன இருவர்

இந்த வட்டாரம் பட்டாசுக்கு வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் கதைக்கு அது அவசியம்.

மழை குறைந்த பூமி. ஆற்றுப் பாசனம் கிடையாது. வானம் பொய்த்த வருஷங்களில் பஞ்சம் பிழைக்க வழி தேட வேண்டியிருந்தது. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். 1940-களில் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்தப் பக்கத்துச் சரக்குத்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். எந்த வறண்ட காற்று பயிரை வாட்டியதோ, அதே வறண்ட காற்று தீக்குச்சிக்கும் வெடிக்கும் தோதாக அமைந்துவிட்டது! உழவனுக்கு விரோதியாக இருந்த வெயில், தொழிலுக்குச் சிநேகிதனாயிற்று. வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்து பிறந்த மண்ணில் பிழைப்பை உண்டாக்கியவர்கள் அந்த இருவர். நூறு வருஷம் கழித்து இன்னொருத்தி, அதே மண்ணைப் பற்றிப் படிக்கவே வெளியூர் போயிருக்கிறாள்.

வீட்டில்

பஸ் நிற்குமிடத்தில் அவளே காத்திருந்தாள். இருபது வயது இருக்கும். வாரக் கடைசி என்று மதுரையிலிருந்து வந்திருந்தாள். "சார், நிஜமாவே வந்துட்டீங்களா!" என்றாள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், கல்லூரிப் பெண் என்றே குறிப்பிடுகிறேன்.

வீட்டுத் திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி. சோளம் வெதைக்கிறதைப் பாக்கவா மெட்ராசுலேருந்து வந்தீக? மொளைச்ச பொறவு வந்திருந்தாலும் ஒரு ஞாயம் இருக்கு" என்றார்.

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் தாயார் வந்தார். கையில் தூக்குவாளி, விரல் நுனிகளில் வெள்ளி நிறம். அலுமினியப் பொடியின் மினுமினுப்பு அது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுவதும் போவதில்லையாம். அன்று சனிக்கிழமை, கூலி நாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரூபாயை எண்ணி மூன்று பங்காகப் பிரித்தார்: கடைக்கு ஒன்று, சுயஉதவிக் குழுத் தவணைக்கு ஒன்று, மகளின் ஹாஸ்டலுக்கு ஒன்று.

"நிலத்தை ஏன் அம்மா தரிசாகப் போட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"நிலம் சனிக்கிழமை சனிக்கிழமை கூலி குடுக்குமா சார்?" என்று திருப்பிக் கேட்டார்.

நேயர்களே, பொருளாதாரப் புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

"ஆனா ஆபீஸ் வேலையும் முன்ன மாதிரி இல்ல" என்று அவரே தொடர்ந்தார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. சரம் பின்னிப் பிழைத்த பெண்களுக்கு அதனால் வேலை குறைந்தது. வேலை குறைந்தாலும் பயம் குறையவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 அக்டோபர் 17-ஆம் தேதி எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்த நாளைப் பற்றி அந்த அம்மாள் அதிகம் பேசவில்லை. "அன்னிக்கு எனக்கு வேற பக்கம் வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

இரவுச் சாப்பாடு ரேஷன் அரிசிச் சோறும் பருப்புக் குழம்பும். தாத்தா ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சோளச் சோறு தின்னு வளந்த வீடு இது. இப்ப சோளம் கண்ணுல படணும்னா கோழித் தீவனக் கடைக்குப் போகணும்" என்றார். நாட்டுச் சோளம் இருந்த இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. அந்த மக்காச்சோளத்துக்கும் 2018-இல் படைப்புழு என்ற புதிய சத்துரு வந்து சேர்ந்தது. மருந்துச் செலவு ஏறியது. இந்த ஊரில் "மருந்து" என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம்: காய்ச்சலுக்குக் குடிப்பது, பயிருக்கு அடிப்பது, வெடிக்குள் திணிப்பது!

என்ன படிக்கிறாள்?

சாப்பாட்டுக்குப் பிறகு, "காலேஜில் என்னதான் அம்மா சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

மதுரைக் கல்லூரி 1965-இல் ஏற்பட்டது. ஒத்தக்கடையில், யானைமலை தெரியும் இடத்தில் இருக்கிறது. நம் மாகாணத்து வேளாண்மைப் படிப்போ அதைவிட ரொம்பப் பழசு. 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண்மைப் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நான்கு வருஷப் படிப்பில் மண், பயிர், பூச்சி, நோய், விதை, சந்தைப் பொருளாதாரம் எல்லாம் உண்டு. கடைசி வருஷத்தில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, குடியானவர்களோடு தங்கிப் பழக வைக்கிறார்கள். தெருவில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைப் போட்டு, எது குளம், எது ஓடை, யார் நிலம் எங்கே என்று ஊராரையே காட்டச் சொல்வார்களாம்.

"நீடித்த வேளாண்மை என்று சொல்கிறார்களே, அது என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கோயம்புத்தூர்ல ஒரு வயல் இருக்கு சார். 1909-லேருந்து நூறு வருஷத்துக்கு மேல ஒரே பாத்திக்கு ஒரே மாதிரி உரம் போட்டு வர்றாங்க. ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒண்ணுக்கு ரசாயன உரம், ஒண்ணுக்கு எதுவுமே கிடையாது. எந்தப் பாத்தி எத்தனை வருஷம் தாங்குதுன்னு கணக்கு எழுதிட்டே வர்றாங்க. இங்கிலாந்துல ராதம்ஸ்டெட்டுன்னு ஒரு இடத்துல 1843-லேருந்து இதே மாதிரி நடக்குது. இந்த வருஷம் எத்தனை மூட்டைன்னு கேக்குறது விவசாயம். நம்ம பேரப்பிள்ளை காலத்துலயும் இதே மண்ணு குடுக்குமான்னு கேக்குறது நீடித்த விவசாயம்."

திண்ணையிலிருந்து தாத்தாவின் குரல் வந்தது: "அதைத்தான நாங்க கிடை போட்டுச் செஞ்சோம்!"

கிடை என்றால் ஆட்டுக்கிடை. கீதாரிகள் மந்தையைக் கொண்டுவந்து இரவில் நிலத்தில் மடக்கிப் போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு. பேத்திக்கும் தாத்தாவுக்கும் உள்ள வழக்கு எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கல்லூரி சொல்லுவதெல்லாம் தமக்கு முன்பே தெரியும் என்பது தாத்தாவின் கட்சி. "தெரிஞ்சா ஏன் தாத்தா விட்டீங்க?" என்பது பேத்தியின் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை விவசாயம்

மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் நிலத்துக்குக் கிளம்பினோம். விதைப்புக்கு ஏன் ஞாயிற்றுக்கிழமை? நாள், நட்சத்திரம் பார்த்தா? இல்லை. அன்றுதான் ஆபீஸ் லீவு! தீபாவளிக்கு முந்திய வாரங்கள் பட்டாசுக்கு மும்முரமான காலம். மானாவாரி விதைப்புக்கும் அதே வாரங்கள்தாம் பருவம். வாரத்தின் மற்ற நாட்களில் வயலுக்கு ஒரு கைகூடக் கிடைக்காது.

கருவேலத்தை வெட்டி வேரோடு பிடுங்கிய நிலம். கோடையில் ஒரு தடவை டிராக்டர் விட்டு உழுதிருந்தார்கள். வாடகை டிராக்டர் மறுபடியும் வந்து சால் விட்டது. வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு அளவு மேகம்கூட இல்லை. மண்ணை அள்ளினால் புழுதி பறந்தது.

"மழை இல்லாமலே விதைப்பதா?" என்று நான் கேட்டேன். பட்டணத்துக்காரன் கேட்கிற கேள்வி!

கரிசல் மண்ணின் சுபாவத்தை அவள் விளக்கினாள். அது நனைந்தால் ஊதும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நல்ல மழையை ஒரு தடவை குடித்துவிட்டால் வாரக்கணக்கில் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். ஆனால் மழை பெய்த பிறகு உழலாம் என்றால் காலை வைக்க முடியாது, களியாக ஒட்டிக்கொள்ளும். மண் காய்ந்து உழவுக்குப் பதம் வருவதற்குள் முதல் மழையின் ஈரம் வீணாகிவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு ஓரிரு வாரம் முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட வேண்டும். இதற்கு "பருவமழைக்கு முந்திய விதைப்பு" என்று பெயர்.

"புழுதி வெதப்புன்னு சொல்லு தாயி! எங்க அய்யா காலத்துலேருந்து உள்ளதுதான்" என்றார் தாத்தா.

"ஆமா தாத்தா, உங்ககிட்டேருந்துதான் காலேஜுக்கே போச்சு" என்றாள் அவள். பிறகு என்னிடம் திரும்பி, "ஆனா, எந்த வாரத்துல விதைச்சா மழை பொய்க்காம இருக்கும்னு பல வருஷத்து மழைக் கணக்கைப் பாத்துச் சொன்னது ஆராய்ச்சி நிலையம் சார்" என்றாள்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். ஒன்று, ஆழம். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதை விழ வேண்டும். மேலாக விழுந்தால், முதல் தூறலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகிப் போகும். ஆழத்தில் கிடந்தாலோ நல்ல மழை பெய்து ஈரம் உள்ளே இறங்கிய பிறகுதான் விதை கண் விழிக்கும். அவள் ஒரு குச்சியில் அளவுக்கோடு போட்டு வைத்திருந்தாள். தாத்தா குச்சியைத் தொடவில்லை. மூன்று விரல்களைச் சேர்த்துச் சாலில் வைத்து, "மூணு விரக்கடை" என்றார். குச்சியை வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன!

இரண்டாவது, விதையைக் கடினப்படுத்துவது. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்று ஓர் உப்பு. நூறு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு உப்பைக் கரைத்து, சோள விதையை அதில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழையபடி காயவைக்க வேண்டும். அப்படிச் செய்த விதை, பிற்பாடு ஈரம் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஒரு கிலோ விதைக்கு 350 மில்லி கரைசல் போதும். அரை ஏக்கருக்கு வேண்டிய விதை மூன்று கிலோ. அதில் பாதியைத்தான் ஊறவைத்தார்கள். ஏனென்றால் மறு பாதி தாத்தாவின் பங்கு; அதில் அவர் யோசனைப்படி வெறும் விதை. யார் பக்கம் நன்றாக வருகிறது பார்க்கலாம் என்று இருவருக்கும் பந்தயம்!

ஊறவைத்த கதையும் ருசியானது. வியாழக்கிழமை இரவு ஹாஸ்டலிலிருந்து அவள் கைப்பேசியில் கட்டளை போட, தாத்தா அரை லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் உப்பைக் கரைத்தாராம். ஆறு மணி நேரத்துக்கு அலாரம் வைத்தது பக்கத்து வீட்டுப் பையன். அர்த்த ராத்திரியில் அலாரம் அடித்து, தெருவே விழித்துக்கொண்டதாம். "பத்து கிராம் உப்புக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்" என்று அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார் தாத்தா.

தாயாரும் இரண்டு பெண்களும் சாலில் விதை போட்டுக்கொண்டு போனார்கள். அலுமினியம் மின்னும் விரல்களிலிருந்து சோளம் ஒரே சீராக விழுந்தது. திரியும் மருந்தும் அளந்து பழகிய கை அல்லவா! பத்து மணிக்குள் வேலை முடிந்துவிட்டது.

பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அரை ஏக்கர் புழுதி. அதற்குள் மூன்று கிலோ விதை. மேலே வெறும் வானம். தாத்தா மேற்கே பார்த்துக் கும்பிட்டார்.

கோவில்பட்டியில்

அந்த விதை கே 12 என்ற சோள ரகம்; கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. விதை பிறந்த இடத்தையும் பார்த்துவிடுவோமே என்று திங்கட்கிழமை சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சாத்தூரில் காராச்சேவு ஒரு பொட்டலம். வைப்பாற்றில் மணல்தான் ஓடியது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் ஒரு பொட்டலம். பிரயாணக் கட்டுரை எழுதுகிறவன் இவற்றையெல்லாம் சொல்லாமல் விட்டால் நேயர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

கோவில்பட்டி நிலையம் 1901-இல் தொடங்கியது. வானம் பார்த்த கரிசல் நிலத்துக்காகவே ஏற்பட்டது. கருங்கண்ணிப் பருத்தி, சோளம், கம்பு, பயறு என்று நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே வேலை நடந்திருக்கிறது. அந்த வாசலில் நின்றபோது எனக்கு இன்னொரு மனிதரின் ஞாபகம் வந்தது.

தஞ்சை ஜில்லா இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டு, 1963-இல் இந்த நிலையத்தில் உத்தியோகத்துக்கு வந்தார் ஓர் இளைஞர். பருத்திக்கும் தானியங்களுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, எவ்வளவு ரசாயன உரம் போடுவது என்று பரிசோதிப்பது அவர் வேலை. சில வருஷங்களில் அவர் மனத்தில் ஒரு சங்கடம் முளைத்தது. விலை கொடுத்து வாங்கும் விதை, உரம், பூச்சிமருந்து இவற்றை வைத்து உள்ளே பரிசோதனை நடக்கிறது. வேலிக்கு வெளியே இருக்கும் மானாவாரிக் குடியானவன் கையிலோ காசே கிடையாது. இந்தப் பரிசோதனையின் முடிவு அவனுக்கு எதற்கு உதவும்? 1969-இல் உத்தியோகத்தை விட்டு விலகினார். நோபல் சமாதானப் பரிசு பெற்ற டொமினிக் பியர் பாதிரியார் ஸ்தாபித்த சேவை நிறுவனத்தில் சேர்ந்து, களக்காட்டுக் கிராமங்களில் சுமார் பத்து வருஷம் உழைத்தார். பிறகு தமிழ்நாடு முழுதும் நடந்து நடந்து இயற்கை வேளாண்மையைப் பேசினார்.

அவர்தான் நம்மாழ்வார். 2013 டிசம்பர் 30-ஆம் தேதி காலமானார். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் தொடங்கிய வானகம் இன்றும் நடக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி மையத்துக்கே இன்று அவர் பெயர்தான். சர்க்கார் ஆராய்ச்சி உத்தியோகத்தை உதறியவரின் பெயரைச் சர்க்கார் பல்கலைக்கழகமே சூட்டிக்கொண்டது நல்ல காரியம்.

அவருக்கும் முன்னால் இன்னொருவர் உண்டு. 1943-இல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றபோது, டாக்டராக வேண்டும் என்று வீட்டார் நினைத்திருந்த ஒரு கும்பகோணத்து இளைஞர், கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். எம். எஸ். சுவாமிநாதன்தான் அவர். 2023-இல் அவர் மறையும்போது நம் நாடு கப்பலில் வரும் கோதுமைக்காகக் காத்திருந்த காலம் பழங்கதை ஆகியிருந்தது.

கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே நான் இப்படி எண்ணினேன். சுவாமிநாதன் படித்த காலத்தில் கேள்வி, எல்லோருக்கும் வயிறு நிறையுமா என்பது. நம்மாழ்வார் எழுப்பிய கேள்வி, மண்ணும் குடியானவனும் பிழைத்திருப்பார்களா என்பது. எம். புதுப்பட்டிப் பெண்ணின் முன்னால் நிற்கும் கேள்வி வேறு: விதைப்பதற்கு ஆள் இருக்குமா? தாத்தாவுக்குத் தெரியும், கையில் பலம் இல்லை. தாயாருக்குக் கை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருக்கிறது. தாத்தாவுக்குத் தெரிந்ததை, அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள ஒருத்தி வந்திருக்கிறாள். கல்லூரி அவளுக்குக் கொடுத்தவற்றில் பெரிது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பத்து கிராம் உப்பு இரண்டாம் பட்சம். அதுவும், காசில்லாத குடியானவனுக்கும் கட்டுப்படியாகிற பத்து கிராம்! வேலிக்கு வெளியே நின்ற குடியானவனை ஆராய்ச்சி நிலையமும் மறந்துவிடவில்லை என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

அப்புறம்?

புறப்படுவதற்கு முன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: "படிப்பு முடிந்த பிறகு என்ன செய்வாய், அம்மா? நிலத்துக்கு வருவாயா?"

அவள் பதில் சொல்வதற்குள் தாயார் முந்திக்கொண்டார். "பேங்க் பரீட்சை எழுதணும் சார். விவசாயம் படிச்சவங்களுக்குப் பேங்க்ல ஆபீசர் வேலை இருக்காம். அதுவாவது நெசமான ஆபீஸ்!"

எல்லோரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். அவள் மேஜைமீது மண்ணியல் புத்தகத்துக்கு அடியில் பாங்க் பரீட்சைப் புத்தகம் இருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமைக் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துப் படிக்க வைத்த தாயாருக்கு, மகள் விரலில் அலுமினியம் படக்கூடாது என்று ஆசைப்பட உரிமை இருக்கிறது. "வேலைக்குப் போனாலும் நிலத்தை விக்க விடமாட்டேன் சார்" என்று மட்டும் பஸ் நிற்குமிடத்தில் அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு தினமும் வானிலைச் செய்தி கேட்கிற வழக்கம் எனக்கு வந்துவிட்டது. சகாக்கள் பரிகாசம் செய்தார்கள். எனக்கென்ன நிலமா, நீச்சா? மூன்று கிலோ விதை புழுதிக்குள் கிடக்கிறது என்ற நினைப்பு தூங்க விட்டால்தானே!

தீபாவளி கழிந்து மூன்று வாரத்துக்குப் பின் ஒரு கடிதம் வந்தது.

"ஐயா, நீங்கள் போன எட்டாம் நாள் ஒரு தூறல் விழுந்தது. தாத்தா இரவெல்லாம் தூங்கவில்லை. ஆனால் ஒன்றும் முளைக்கவில்லை. ஆழத்தில் போட்டது நல்லதாயிற்று. ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை. ஐந்தாம் நாள் சால் சாலாக முளைத்துவிட்டது. ஊறவைத்த பக்கம் பயிர் நெருக்கமாக இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். தாத்தா பக்கம் கொஞ்சம் கலப்புத்தான். ஆனால் அவர் பக்கத்தில் ஒரு மூலையில், ஆனி மாதம் கீதாரியிடம் சொல்லி இரண்டு ராத்திரி கிடை போட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை! அந்த மூலைப் பயிர்தான் எல்லாவற்றையும்விடக் கருகருவென்று நிற்கிறது. அடுத்த வருஷம் முழு நிலத்துக்கும் கிடை, முழு விதைக்கும் ஊறல் என்று ராஜி ஆகிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு ஆபீஸ் லீவு. அம்மா தினமும் களையெடுக்கப் போகிறார்கள். 'கூலி யார் குடுப்பா?' என்று தாத்தா கேலி செய்கிறார். அறுத்த பிறகு சோளச் சோறு சாப்பிட நீங்கள் வர வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார்கள்."

ஊட்டி லீவை ரத்து செய்துவிட்டேன். அறுவடை நாள் தெரிந்ததும் மறுபடியும் சிவகாசிக்குப் பஸ் ஏறுவதாக உத்தேசம். நேயர்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், கண்டக்டரிடம் இனிஷியலைச் சேர்த்துச் சொல்லுங்கள்.